அழுகைக்கு எண் போட்ட மிடி நைனா

மனிதர்கள் எதை எதையோ அளந்திருக்கிறார்கள். மழையை அளந்தார்கள், பூகம்பத்தை அளந்தார்கள், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அளந்தார்கள். சாவு வீட்டு அழுகையை அளந்தவர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருத்தணியில், அரக்கோணம் சாலையில், என் கடைக்குப் பக்கத்துக் கடையில் இருந்தார். பெயர் மிடி நைனா. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கேட்டவர்களிடம் அவர் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

அப்போது நான் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு என்று எல்லாம் அடிப்பேன். ஆனால் அடுப்பு எரிந்தது கண்ணீர் அஞ்சலி பேனரால்தான். அதில் மேல்வரிசையில் தலைவர்கள், கீழ்வரிசையில் பங்காளிகள், மைத்துனர்கள், ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள் என்று எல்லோர் முகத்தையும் வைத்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் செத்தவரை வைப்பேன். எனக்கு இடது பக்கம் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் பாய். பெட்டியின் மெக்கானிக், டிரைவர், முதலாளி எல்லாம் அவரே. வலது பக்கம், சாவு வீடுகளில் கீபோர்டு வாசிக்கும் நைனா. மூன்று கடைக்கும் ஒரே வாடிக்கையாளர். அவர் மட்டும் ஒருநாளும் நேரில் வந்து குறை சொன்னதில்லை.

எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் சித்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவுகள் வந்து சேரும் வரை உடல் பெட்டியில் இருக்கும். அதுவரை பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். மற்ற கீபோர்டுக்காரர்கள் அந்த நேரத்தில் சினிமாப் பாட்டு வாசிப்பார்கள். நைனா பாட்டே வாசிக்க மாட்டார். அழுகிற பெண்ணின் குரல் எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே விரலை ஓட்டிக்கொண்டு போவார். அவள் ஓங்கினால் இவர் கட்டையை ஓங்கி அழுத்துவார், அவள் விசும்பினால் இவரும் அடங்குவார். புதிதாகக் கேட்பவர்கள் வந்த வேலையை விட்டுவிட்டு அழ உட்கார்ந்துவிடுவார்கள். நானே பலமுறை அழுதிருக்கிறேன், அதுவும் கைக்கு வர வேண்டிய பேனர் காசை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரங்களில்.

கீபோர்டிலிருந்து ஒரு கம்பி பழைய லேப்டாப்புக்குப் போகும். அதன் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஏறி இறங்கும், உச்சிக்குப் போனால் சிவப்பாகும், பக்கத்தில் ஓர் எண் தெரியும். இதுதான் மிடி. மிடி என்றால் என்ன என்று ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவர் விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறி, ஏடு கட்டி, ஈ விழுந்தது.

"தம்பி, இந்தக் கம்பில சத்தம் போவாது. எந்தக் கட்டைய தொட்டேன், எவ்ளோ வேகமா அழுத்தினேன், எப்ப கைய எடுத்தேன். அவ்ளோதான் போவும். சத்தம் போடறது அந்தாண்ட இருக்கற சவுண்டு பொட்டி. இந்த எண்ணு கீதே, அது என் விரலோட வேகம். வெலாசிட்டின்னு பேரு. ஜீரோவுல ஆரம்பிச்சு நூத்தி இருபத்தேழு வரைக்கும். அதுக்கு மேல இல்ல."

"ஏன் இல்ல?"

"நாப்பது வருசத்துக்கு முன்னாடி எவனோ கோடு போட்டு வச்சிட்டான். அவன் சாவு வூட்டுக்கே போயிருக்க மாட்டான் போல."

இதுதான் நைனாவின் வாழ்நாள் வழக்கு. மிடியைப் பெரிதாக்க வேண்டும். நூற்றிருபத்தேழு படி போதாது. குரல்களைப் பிரித்து அனுப்பும் சேனல் பதினாறுதான் இருக்கிறது, அதுவும் போதாது. ஒரு சேனலில் ஒரு குரலைக் கொஞ்சம் வளைத்தால் அதில் இருக்கிற எல்லாக் குரலும் சேர்ந்து வளைகிறது. "வூட்ல ஒருத்தி ஒடைஞ்சு போயிருப்பா, மீதி பேரு நிமிந்து நிப்பாங்க. மிடில ஒடைஞ்சா எல்லாரும் ஒண்ணா ஒடையணும். இன்னா அநியாயம் இது?" என்பார். சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் பெண்களைச் சேனல்களில் உட்கார வைத்துவிடுவார். பெண்டாட்டி ஒன்று, மூத்த மகள் இரண்டு, தங்கச்சி மூன்று. பத்தாவது சேனலை உலகம் முழுக்க மேளத்துக்கு ஒதுக்கிவிட்டார்களாம், அங்கே யாரையும் உட்கார வைக்க முடியாது என்று அலுத்துக்கொள்வார். மருமகள்கள் அதிகமான வீடுகளில் இடம் பற்றாமல் தவித்துப்போவார்.

பாயோடு அவருக்கு வேறொரு தகராறு. ஐஸ் பெட்டி ஓடும்போது ரீங்காரமாக ஒரு சத்தம் வருமே, அதைத்தான் நைனா சுருதியாக வைத்துக்கொள்வார். அது எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராது, இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கும். திருகித் திருகிக் கீபோர்டை அந்த இடத்துக்கு இறக்குவார். ஒருநாள் கரெண்டு போய் ஜெனரேட்டர் போட்டார்கள். பெட்டியின் சத்தம் மாறிவிட்டது. நைனா வாசிப்பதை நிறுத்திவிட்டு, சொந்தக்காரர்கள் மாலை போடக் காத்திருக்க, பெட்டிக்கு அடியில் தலையை விட்டுக் காதை வைத்தார்.

"பாய், உன் பெட்டி அரைக்கட்டை எறங்கிடுச்சு."

"யோவ் நைனா, உள்ள கீறவரு கெட்டுப் போவாம இருந்தா போதும்யா. பெட்டி பாடணும்னு நான் எங்கயும் எழுதிக் குடுக்கல."

"சுருதி போச்சுன்னா மரியாத போச்சு பாய்."

"வாரிக்கோ உன் மரியாதய. எந்திரி, தலைல மாலை விழுது பாரு."

உண்மையிலேயே விழுந்தது. செத்தவருக்கு வந்த முதல் மாலை நைனாவின் முதுகில் கிடந்தது.

மிடியைக் கட்டி மேய்க்கும் வெளிநாட்டுச் சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று ஒருநாள் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். 'ஐயா, உங்கள் ஏற்பாட்டில் பதினைந்து பேருக்கு மேல் அழ முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கே இது காணாது.' என் இங்கிலீஷ் பேனர் இங்கிலீஷ். முடித்துப் படித்துப் பார்த்தபோது முதல் பாதி கோரிக்கையாகவும் மறு பாதி இரங்கல் செய்தியாகவும் இருந்தது. அனுப்பிய மறுநிமிடமே 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று மெஷின் பதில் வந்தது. நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை ஃப்ளெக்ஸில் அடித்துத் தரச் சொன்னார். அடித்தேன். கடை வாசலில் மூன்றடிக்கு இரண்டடியில் அந்த நன்றி வெகுநாள் தொங்கியது.

அழுகைக்கு நம்பர் போடுபவர் என்ற பேரில் அவர் தானாகப் போய்ச் சிக்கவில்லை. கே.ஜி.கண்டிகையில் ஒரு மாமியார் சாவு, அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. மூத்த மருமகள் அழுதபோது நைனாவுக்கு விரல் மரத்துப் போயிருந்தது, மெல்ல அழுத்தினார். திரையில் நாற்பது. பிறகு ஒரு வாய் டீ குடித்துவிட்டுச் சின்ன மருமகளுக்கு வாசித்தார். தொண்ணூறு. திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு மூத்தவள் காதில் ஓதிவிட்டாள்.

மூத்தவள் எழுந்து வந்து கீபோர்டுக்கு முன்னால் நின்றாள். "ஏன்யா நைனா, எனக்கு நாப்பது, அவளுக்குத் தொண்ணூறா? மூணு வருசமா கெழவிக்குப் பீ மூத்தரம் வாரினது நானு. இவ பட்டுப்பொடவையோட வந்து நின்னா தொண்ணூறா?"

"அது இல்லம்மா, அது என் விரலு..."

"வெரலாவது மண்ணாவது. இப்ப பாருய்யா."

உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தையும் சேர்த்து வைத்து அழுதாள். அது நடிப்பில்லை. கிழவியைத் திட்டி அழுதாள், தன் கையைத் தானே அடித்துக்கொண்டு அழுதாள், இனி யாருக்குக் கஞ்சி காய்ச்சுவேன் என்று அழுதாள். நைனா மரத்த விரலை மறந்து பின்னாலேயே ஓடினார். கோடு சிவந்து நூற்றிருபத்தேழில் முட்டி நின்றது. அவள் திரும்பிப் பார்த்து, "இன்னும் கீது, ஏத்துய்யா" என்றாள்.

"ஏறாதும்மா. இதுக்கு மேல இதுல எடமே இல்ல."

கடைக்குத் திரும்பியதும் பாயிடம், "பாத்தியா பாய், இதுக்குத்தான் நான் கத்திகினு கீறேன். அந்தப் பொம்பளைக்கு நூத்தி இருபத்தேழு எந்த மூலைக்கு?" என்று குதித்தார். பாய் பெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரம் முழுக்க அழுகையை நம்பர் போட்டுக் காட்டும் மெஷின் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. போகிற வீட்டிலெல்லாம் லேப்டாப்பை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஸ்டூல் போட்டு நடுவில் வைத்தார்கள். பெண்கள் அழுதுகொண்டே ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தார்கள். ஆண்கள் பீடி குடித்தபடி, "பெரியவ நூறத் தாண்டிட்டா, நடுவுளவ தேறல" என்று விமரிசனம் செய்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்களேன் என்றேன் நைனாவிடம்.

"சொன்னேனே தம்பி, ரெண்டு மூணு வாட்டி. நம்ப மாட்டேன்றாங்க."

சொன்ன குரலில் பெரிதாக வருத்தம் ஒன்றும் இல்லை. முடி திருத்திக்கொண்டு சாவுக்குப் போக ஆரம்பித்திருந்தார்.

பிறகு பொதட்டூர்பேட்டையில் அந்தச் சாவு வந்தது. தறி ஓட்டும் வீடு. இளைய மகன் காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறான். திருப்பதி சாலையில் லாரி அடித்துவிட்டது. முப்பதைத் தொடாத வயது. பேனருக்கு அவர்கள் கொடுத்த படம் கல்யாணப் படம், பக்கத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை வெட்டி எடுத்துவிட்டு அவனை மட்டும் வைத்து அடித்தேன். தோளில் அவள் கை மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதையும் அழித்தேன். பேனரைக் கட்டுவதற்காக நானும் போயிருந்தேன்.

அவள் பெயர் கஸ்தூரி. பெட்டியின் கால்மாட்டில் நின்றிருந்தாள். மூன்று வயதுப் பெண்குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கஸ்தூரி அழவில்லை. மாமியார் அழுதாள், கோடு ஏறியது. நாத்தனார் அழுதாள், கோடு ஏறியது. கஸ்தூரி பெட்டிப் பக்கம் குனியும்போதெல்லாம் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். வாசிப்பதற்கு அங்கே குரல் எதுவும் இல்லை. நைனா சும்மா இருந்தார், திரையும் சும்மா இருந்தது. பக்கத்து வீடுகளில் தறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. நைனாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை நான் பார்த்தேன். ஒருமுறை லேப்டாப்பை மூடக் கையை நீட்டினார். "இருக்கட்டும் நைனா" என்று ஒரு கை வந்து தடுத்தது. செத்தவனின் அண்ணன்.

அவன் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினான். "எல்லாரும் பாத்துகினுதான கீறீங்க. என் தம்பிய வெறும் வயித்தோட வெளிய தொரத்தினவ இவ. ஒரு சொட்டு வருதா பாருங்க. எடுத்ததும் இவ தாய் வூட்டுக்குப் போவட்டும். கொழந்த எங்க வூட்டு ரத்தம், இங்கதான் இருக்கும்."

கஸ்தூரி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

பெரியவர்களில் ஒருவர், "வாய்ல வந்தத சொல்லக்கூடாதுப்பா" என்றார்.

"வாய்ல இன்னாத்துக்கு? மெஷினே சொல்லுது. நைனா, நீங்க பொது ஆளு. இவளுக்கு எவ்ளோ வந்துச்சு, நீங்களே சொல்லுங்க."

நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அந்த மனிதர் தன் பெருமையைத் தானே விழுங்கக் கூடியவர் என்று நான் நம்பவில்லை, அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

"இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் வரல" என்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "உங்களுக்கும் ஒண்ணும் வரல. யாருக்குமே வரல. இங்க பாருங்க."

லேப்டாப்பைக் கூட்டத்துக்கு நேராகத் திருப்பினார். யாரும் அழவில்லை. ஒற்றை விரலை ஓங்கி ஒரு கட்டையில் குத்தினார். கோடு சிவந்து நூற்றிருபத்தேழில் போய் நின்றது.

"இப்ப யாரு அழுதா?"

அதே கட்டையைப் பூப்போல அழுத்தினார். கட்டை அடிவரை இறங்கியது. சத்தம் கேட்கவே இல்லை. திரையில் இரண்டு என்று வந்தது.

"இதுக்குக் காது கெடையாதுங்க. என் விரல் எவ்ளோ வேகமா எறங்குச்சுன்னுதான் இதுக்குத் தெரியும். நான் குத்தினா நூறு, தடவினா ரெண்டு. நீங்க அழுவறதும் சிரிக்கறதும் இதுக்கு ஒண்ணுதான்."

"அப்ப இத்தினி ஊர்ல காட்டினது இன்னா?" என்றான் அண்ணன்.

"என் விரலத்தான் காட்டினேன். நீங்க நம்புனீங்க, எனக்கு நல்லாருந்துச்சு, வுட்டுட்டேன். தப்பு என்னுது. அத இந்தப் பொண்ணு மேல ஏத்தாதீங்க."

யாரோ ஸ்டூலை உதைத்தார்கள். லேப்டாப் போய் வாசற்படியில் விழுந்தது. இரண்டு பேர் நைனாவின் சட்டையைப் பிடித்தார்கள். பாய் நடுவில் புகுந்து, "பெட்டி மேல வுழாதீங்க, பெட்டி மேல வுழாதீங்க" என்று கத்திக்கொண்டே ஆளை இழுத்து வெளியே கொண்டுவந்தார். நைனாவின் உதடு கிழிந்திருந்தது. அந்தக் கோபத்தில் கஸ்தூரியை எல்லோரும் மறந்துபோனார்கள். மெஷினை வைத்துப் பேசிய பேச்சு மெஷினோடு போயிற்று, மற்றதைப் பதினாறாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர் முடித்துவிட்டார். பதினாறாம் நாள் பெட்டி வாடகை பாக்கி வாங்கப் போன பாய் வந்து சொன்னார், குழந்தை தாயோடுதான் இருக்கிறது, ஒரு தறியையும் அவளுக்கே விட்டிருக்கிறார்கள் என்று.

நைனாவை அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. கண்ணெதிரே ஊரை ஏமாற்றியவன் என்று பேர் ஆகிவிட்டது. கே.ஜி.கண்டிகை மூத்த மருமகள் மட்டும் ஒருநாள் பஸ் ஏறித் தேடிக்கொண்டு வந்தாள். கடை வாசலில் நின்று, "அப்ப என் நூத்தி இருபத்தேழும் பொய்யா?" என்று கேட்டாள்.

"நீ அழுதது நெசம்மா. நம்பருதான் என்னுது."

அவள் பையிலிருந்து நாலு முருங்கைக்காயை எடுத்து அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

வேலையில்லாத அந்த நாட்களில் நாங்கள் மூன்று பேரும் ஒரே டீயை நீட்டி நீட்டிக் குடிப்போம். ஒருநாள் பாய் கேட்டார்: "நைனா, புது மிடி வந்துட்டுதாமே. ரெண்டாவது மிடி. என் மச்சான் பையன் சொன்னான்."

"ஆங், வந்துட்டுது. நூத்தி இருபத்தேழு இல்ல, அறுவத்தஞ்சாயிரம் படி. ஒரு கொரல மட்டும் தனியா வளைக்கலாம். எல்லாம் நான் கேட்டதுதான்."

"காது வருமா அதுக்கு?"

"வராது பாய்."

"அப்பறம் எதுக்குய்யா அறுவத்தஞ்சாயிரம்?"

"வாசிக்கறவனுக்கு வேணும். என் விரல்ல அத்தினி கீது, அது உள்ள போவ மாட்டேன்னுது. அதுக்குத்தான் வேணும்." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எதிர்ல நின்னு பாக்கறவனுக்கு ஒரு படிகூட வேணாம்."

வாசலில் தொங்கிய நன்றிப் பேனர் அதற்குள் வெயிலில் வெளுத்து எழுத்துப் போயிருந்தது. அவர் கழற்றவும் இல்லை, புதிதாக அடிக்கச் சொல்லவும் இல்லை.

வருஷம் திரும்பியதும் கஸ்தூரி என் கடைக்கு வந்தாள், முதலாம் ஆண்டு நினைவு பேனருக்கு. அதே கல்யாணப் படம். இந்தத் தடவை அவளை வெட்ட வேண்டாம் என்றாள். பிறகு பக்கத்துக் கடையைக் காட்டி, "அவரு இருக்காருங்களா?" என்றாள். நைனா எழுந்து நின்றார்.

"படைக்கறப்ப வந்து வாசிக்கறீங்களா நைனா? ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்க. நானும் கொழந்தையும்தான்."

"கம்ப்யூட்டர் ஒடஞ்சி போச்சும்மா."

"அது வேணாங்க."

பாயின் லோடு ஆட்டோவில் போனோம், பெட்டி இல்லாமல். தறிக்குப் பக்கத்தில் இலை போட்டுப் படைத்திருந்தாள். நைனா தரையில் உட்கார்ந்து கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ ஆரம்பித்தார். கற்பூரம் ஏற்றியவள் தட்டைக் கீழே வைத்தாள், தறியின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாக வராதது அப்போது வந்தது. வார்த்தையே இல்லை அதில். "சாப்ட்டுப் போயிருக்கக் கூடாதா" என்று மட்டும் ஒரே ஒருமுறை சொன்னாள். குழந்தை பயந்து என்னிடம் ஓடி வந்தது. அவள் அழத் தொடங்கிய அந்த இடத்திலேயே நைனா கட்டையிலிருந்து பத்து விரலையும் எடுத்துவிட்டார். அவள் ஓயும் வரை கையை இரண்டு பக்கமும் தரையில் ஊன்றிக்கொண்டு, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது நான் நடுவில், அவர் ஓரத்தில். பழக்கம் யாரை விட்டது? கேட்டுவிட்டேன். "எவ்ளோ இருக்கும் நைனா?"

"எது?"

"அந்தப் பொண்ணு அழுதது."

"நான் வாசிச்சுகினு இருந்தேன் தம்பி" என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டு. "எதுவும் காதுல விழல."

பச்சைப் பொய். பாய் கூட வண்டியை மெதுவாக்கி ஒரு பார்வை பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கே.ஜி.கண்டிகை தாண்டி, மலைக்கோயில் கண்ணில் பட்டு, கடை வாசலில் வண்டி நிற்கும் வரை அதை நான் விடவே இல்லை.